தபாலில் வந்த பட்டம்: எல்லையோரத் தமிழரும் அஞ்சல்வழிக் கல்வியும்

முன்னுரை

மாணவர் கல்லூரியைத் தேடிப் போவது பழைய வழக்கம். கல்லூரியே தபால் பையில் ஏறி மாணவரைத் தேடி வந்தது சென்ற நூற்றாண்டின் வழக்கம். மாநிலத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் "கரஸ்ல பி.ஏ. முடிச்சேன்" என்று சொல்லக்கூடியவர் ஒருவராவது இருப்பார். பகலில் வேலை, இரவில் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, விடுப்பு எடுத்துத் தேர்வு என்று வாங்கிய பட்டம் அது. ஆனாலும் பலர் அதைச் சற்றே குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். "ரெகுலரா, கரஸா?" என்ற கேள்வி பெண் பார்க்கும் இடத்திலும் வருகிறது, பதவி உயர்வுக் கோப்பிலும் வருகிறது.

இந்தக் கூச்சம் தேவைதானா? தபால் பட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் இரண்டு உண்மைகள் தெரியவரும். ஒன்று, இது குறுக்கு வழியாகப் பிறந்ததல்ல. தமிழ்ப் புலமையின் பெரிய பெயர்கள் சில இதன் முன்னோடி வழியில் வந்தவை. இரண்டு, எல்லைகளைத் தாண்டுவதற்காகவே உண்டான இந்தக் கல்வி கடைசியில் மாநில எல்லைக்கோட்டில்தான் தடுக்கி விழுந்தது. அதன் அடி அதிகம் பட்டது வெளிமாநிலத் தமிழர்மேல்.

ராமகுப்பம் என்னும் எல்லையோர ஊர்

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் குப்பம் வட்டாரம் இருக்கிறது. குப்பம், குடுபல்லி, சாந்திபுரம், ராமகுப்பம் ஆகிய நான்கு மண்டலங்களும் சேர்ந்ததே குப்பம் சட்டமன்றத் தொகுதி. வட்டாரத்துக்கு மேற்கே கர்நாடகம், தெற்கே தமிழ்நாடு. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் குப்பம் வழியாகத்தான் போகும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வேலைக்குப் போகும் பெங்களூரில் கன்னடம் என்று மூன்று மொழியில் புழங்குவது இங்கே பலருக்கு அன்றாடம்.

இந்தப் பகுதி முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் கங்குந்தி ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது இது ஆந்திரத்தோடு போயிற்று. எல்லைத் தகராறு பேசித் தீர்ந்து 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. குப்பம் வட்டாரம் இருந்த இடத்திலேயே நின்றது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சியில் இருந்த ஊர்களுக்கு, 1954இல் திருப்பதியில் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் உரியதாயிற்று. மக்கள் இடம் மாறவில்லை, பல்கலைக்கழகம்தான் மாறியது. பிழைப்புக்காக மாநிலம் விட்டு வந்தவர்கள் நாம். கோடு மாறியதால் வெளிமாநிலத்தவர் ஆனவர்கள் அவர்கள். ஆனால் "எந்தப் பல்கலைக்கழகம் எனக்கு உரியது?" என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றுதான்.

தனித்தேர்வர் காலம்

தபாலில் பாடம் என்பது தபால் தலையோடு கூடப் பிறந்தது. இங்கிலாந்தில் பென்னி தபால் வந்த 1840ஆம் ஆண்டிலேயே ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கிருந்து படித்தவரும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. இதுவே 'வெளிவாரிப் பட்டம்'. ஈழத்தில் இதற்கு மிகுந்த செல்வாக்கு. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியே, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும் வரை, மாணவர்களை லண்டன் தேர்வுக்குத்தான் தயார் செய்தது.

நம் மரபில் இதற்கு ஒளிவீசும் எடுத்துக்காட்டு சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் பிறந்த இவர், துறவு பூணும் முன் மயில்வாகனன் என்ற பெயரில் ஆசிரியராக இருந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். ஆசிரியப் பணி பார்த்துக்கொண்டே 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். ஒரு தேர்வு கடலுக்கு இப்பால் மதுரையிலிருந்து, மற்றொன்று கடல்களுக்கு அப்பால் லண்டனிலிருந்து! இரண்டுமே அவர் வாழ்ந்த ஊரின் பல்கலைக்கழகம் தந்தவையல்ல. அவர்தான் பின்னர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். "ரெகுலரா?" என்று அன்று கேட்டிருந்தால் அந்தப் பேராசிரியர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

தமிழகத்தில் இதே வேலையைச் செய்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வு. கல்லூரி வாசலை மிதிக்காமலே வீட்டில் படித்து இதை எழுத முடிந்தது. பள்ளித் தமிழாசிரியர் பலர் இப்படி வந்தவர்கள். ராமகுப்பத்துக்கு மிகவும் பக்கத்தில், ஜோலார்பேட்டையை அடுத்த திருப்பத்தூரில் இதற்கு ஒரு சான்று உண்டு. பள்ளி இறுதி முடித்துவிட்டுத் தாலுக்கா அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக இருந்த ஓர் இளைஞர், வீட்டிலிருந்தபடியே தமிழ் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் வென்று, அதே ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். பணியில் இருந்துகொண்டே 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் முனைவர் பட்டம். அவர்தான் டாக்டர் மு.வ.

தில்லி முதல் மதுரை வரை

சுதந்திர இந்தியாவில் கல்லூரிகள் போதவில்லை. படிக்க வேண்டிய வயதில் வேலைக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். தனியாகப் படித்துத் தேர்வு எழுதலாம் என்றால் புத்தகம் வேண்டும், சொல்லித்தர ஆள் வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, உயர்கல்வி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது அஞ்சல்வழியிலும் மாலைக் கல்லூரியிலும் படிக்கும் நிலை 1986க்குள் வர வேண்டும் என்றது.

தமிழகத்தில் முதலில் துணிந்தது மதுரைப் பல்கலைக்கழகம், ஆண்டு 1971. அந்த ஆண்டு அங்கே துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? திருப்பத்தூரில் வீட்டிலிருந்து படித்து மேலே வந்த அதே மு.வ. தனித்தேர்வராகப் படித்த ஒருவர், வீட்டிலிருந்து படிப்போருக்காக ஒரு நிறுவனம் எழும்பும் காலத்தில் அதன் தலைமையில் இருந்தார் என்பது வரலாற்றின் பொருத்தங்களில் ஒன்று. 1974இல் அவர் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். 1972இல் திருப்பதியிலும் அஞ்சல்வழிப் படிப்பு வந்தது. அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் பின்தொடர்ந்தன.

இதனால் ராமகுப்பத்துக்காரருக்கு என்ன கிடைத்தது? தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ பி.ஏ. வேண்டுமா, திருப்பதிக்கு எழுதலாம். தமிழ் இலக்கியம் வேண்டுமா, மதுரைக்கோ சிதம்பரத்துக்கோ எழுதலாம். மும்பையிலும் பெங்களூரிலும் இருந்த தமிழருக்கோ, அருகில் தமிழ்த் துறையுள்ள கல்லூரி அரிது என்பதால், தபால் ஒன்றே வழி.

படிப்பு நடந்த விதம்

இளைய தலைமுறைக்கு இது தெரியாது என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தோடு வங்கி டி.டி. வைத்து அனுப்ப வேண்டும். சில வாரங்களில் கட்டாகப் பாடப் புத்தகங்கள் வரும். பழுப்புத் தாள், நெருக்கமான அச்சு. விட்டுவிட்டுத் தபால் வந்தால் மூன்றாம் பாடம் முதலிலும் முதல் பாடம் பிறகும் வந்து சேரும். ஒப்படைப்புகளை எழுதி அனுப்ப வேண்டும். ஆண்டுக்குச் சில நாள் நேர்முக வகுப்பு. 'கான்டாக்ட் கிளாஸ்' என்றே எல்லாரும் சொன்னார்கள். அங்கேதான் பேராசிரியர் முகத்தையும் சக மாணவர் முகத்தையும் முதல் தடவையாகப் பார்ப்பது. பக்கத்து பெஞ்சில் போஸ்ட்மேன் இருப்பார், ரயில்வே ஊழியர் இருப்பார், குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த டீச்சரம்மா இருப்பார்.

பிறகு ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருப்பது. ஒரு தாளில் தவறினால் மறு தேர்வுக்கு அரியர்ஸ் கட்டுவது. மூன்றாண்டுப் படிப்பு ஐந்தாண்டும் ஆகும், அது குற்றமில்லை. அவரவர் வேகத்தில் படிப்பது என்பதுதான் இதன் உயிர். பின்னாளில் இக்னோ இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியது. ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு; அதன் பழைய பி.ஏ. திட்டம் 96 கிரெடிட். ஆக 2880 மணி. மூன்றாண்டில் முடிக்க நாளொன்றுக்கு இரண்டரை மணிக்கு மேல் வேண்டும். ஆறாண்டு வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நாளுக்கு ஒன்றேகால் மணிக்குச் சற்று மேல் படித்தாலும் போதும். வேலை முடித்துக் கடைசி ரயிலில் வீடு திரும்புகிறவருக்கு இந்த ஒன்றேகால் மணிதான் சாத்தியம். அதைக் கல்வியாக மதித்ததுதான் இம்முறையின் பெருமை.

திறந்த கதவு

அடுத்த பாய்ச்சல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பிரிட்டனில் 1969இல் நிறுவப்பட்டு 1971இல் மாணவரைச் சேர்த்த ஓபன் யுனிவர்சிட்டியே இதற்கு முன்மாதிரி. இந்தியாவில் முதன்முதலாக இது அமைந்தது ஆந்திரத்தில்தான்: 1982இல் ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1991இல் இது டாக்டர் அம்பேத்கர் பெயரைத் தாங்கியது. பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் தகுதித் தேர்வு எழுதிப் பட்டப் படிப்பில் சேரலாம் என்றது. இதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம்ரெட்டிதான் 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகிய இக்னோவின் முதல் துணைவேந்தராகவும் ஆனார்.

இக்னோவை 1990 முதல் 1994 வரை வழிநடத்தியவர் நம்மவர், டாக்டர் வா.செ. குழந்தைசாமி. அவருடைய முயற்சியும் சேர்ந்து 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. மாநிலத்துக்கும் நாட்டுக்கும் வெளியே வாழும் தமிழர், மழலைப் பாடம் முதல் இளநிலைத் தமிழியல் வரை கணினியில் கற்க அது ஏற்பாடு செய்தது. பின்னர் இது தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சட்டத்தால் நிறுவப்பட்டது.

குப்பத்தில் ஒரு பல்கலைக்கழகம்

1997இல் குப்பத்திலேயே திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. மும்மாநில முனையில் அமைந்த இதற்கு அண்டை மாநில அரசுகளின் ஆதரவும் இருந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளை ஒரே வளாகத்தில் வைத்துப் பார்க்கும் நோக்கம் அரியது. கோட்டால் பிரிந்தவற்றைக் கல்வியால் சேர்க்கும் முயற்சி அது.

ஆனால் அதே பல்கலைக்கழகம் தொலைநிலையில் எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வுகளுக்குப் பெருந்தொகையாக மாணவர்களைச் சேர்த்தது பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவாகிய யு.ஜி.சி., ஆய்வுப் பட்டங்களைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று விதி செய்தது. நூல் படித்துத் தேர்வு எழுதுவதற்குத் தபால் போதும். ஆய்வுக்கு வழிகாட்டியின் அருகாமை வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. தூரம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பிரித்துப் பார்க்கத் தவறியதே அக்காலத்தின் பிழை.

குறுக்கே வந்த கோடு

2000களில் தபால் பட்டம் ஒரு வியாபாரமாகவும் ஆயிற்று. ஜெராக்ஸ் கடை மாடியில் 'படிப்பு மையம்' போர்டு தொங்கியது. எங்கோ இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்கே ஒருவர் கட்டணம் வாங்கினார். "பரீட்சை எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சார்" என்று சொன்ன மையங்களும் உண்டு. இதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது உண்மை. வந்த கட்டுப்பாடுகளை வரிசையாகப் பார்ப்போம்.

2005இல் பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே பல்கலைக்கழகத்தை இயங்கவைக்க முடியாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சத்தீஸ்கரில் ஒரே சட்டத்தின்கீழ் முளைத்த தனியார் பல்கலைக்கழகங்கள் பற்றிய வழக்கு அது.

2009 பிப்ரவரியில், முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் 1985ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் திறந்தநிலையில் பெற்ற பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசும் அதே ஆண்டு ஆணையிட்டது. 2017 நவம்பரில், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்களும் அடிபட்டன. வேலை பார்த்துக்கொண்டே படித்த எத்தனையோ பேரின் பதவி உயர்வு அத்தோடு தொங்கியது.

நம்மை நேராகத் தொட்டது 2013ஆம் ஆண்டு. இக்னோவின் கீழ் இயங்கிய தொலைநிலைக் கல்வி மன்றம் கலைக்கப்பட்டு, பொறுப்பு யு.ஜி.சி.க்குப் போயிற்று. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலை மையங்களை நடத்தக் கூடாது என்று அந்த ஆண்டு ஜூனில் யு.ஜி.சி. அறிவித்தது. அதாவது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் பெங்களூரிலோ மும்பையிலோ தில்லியிலோ மையம் வைத்து வகுப்பும் தேர்வும் நடத்த இயலாது.

யாருக்கு இழப்பு?

பி.காம்., எம்.பி.ஏ. படிப்போருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. வாழும் மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் சேரலாம், அல்லது நாடெங்கும் செயல்பட உரிமையுள்ள இக்னோவில் சேரலாம். தமிழ் படிப்பவர் கதை வேறு. மகாராஷ்டிரத்துப் பல்கலைக்கழகம் தமிழ் எம்.ஏ.வைத் தபாலில் தரும் என்று எதிர்பார்க்க முடியுமா?

ராமகுப்பத்தில் இருப்பவர் பஸ் ஏறிக் கோட்டைத் தாண்டி, தமிழ்நாட்டு மையம் ஒன்றில் தேர்வு எழுதிவிட்டு அன்றே வீடு திரும்பலாம். தாராவியில் இருப்பவருக்கு அதே கோடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஒரு பருவத் தேர்வுக்கு எத்தனை நாள் விடுப்பு, எவ்வளவு ரயில் செலவு? போலி மையங்களைப் பிடிக்க விரித்த வலையில், வெளிமாநிலத்தில் தமிழ் கற்பிக்க விரும்பிய ஆசிரியரும் வேலை முடிந்து தமிழிலக்கியம் படிக்க விரும்பிய இல்லத்தரசியும் சேர்ந்து சிக்கினர். தவறு செய்தவன் ஒருவன், வழி அடைபட்டது வேறொருவனுக்கு.

இன்றைய நிலை

கதவு முழுதும் மூடிவிடவில்லை. யு.ஜி.சி. 2020இல் வெளியிட்ட விதிகள் தொலைநிலைக் கல்வியையும் இணையவழிக் கல்வியையும் தனித்தனியாக வகுத்தன. தொலைநிலைக்கு எல்லை உண்டு. அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டத்துக்கு மாநில எல்லை கிடையாது. முறையாக அனுமதி பெற்ற இவ்விரு வகைப் பட்டங்களும் கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டத்துக்கு நிகரானவை என்பதையும் யு.ஜி.சி. 2022இல் தெளிவாக்கியது. "ரெகுலரா, கரஸா?" என்பவருக்கு இதுவே பதில்.

ஆனால் பழம்பெருமையை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது. 2022 மார்ச்சில், பெயர்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கே 2014-15க்குப் பிந்தைய அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி. எச்சரித்தது. ஆகவே பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல் மூன்றைப் பார்க்க வேண்டும்: சேரும் ஆண்டுக்கு அனுமதி உண்டா, சேரும் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி உண்டா, அது தொலைநிலையா இணையவழியா. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகம் இதை ஆண்டுதோறும் பட்டியலாக வெளியிடுகிறது. ஏஜெண்டு சொல்வதை விட அந்தப் பட்டியலை நம்புங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, இளநிலை, முதுநிலை என்ற வரிசை குலையாமல் படிப்பதும் முக்கியம்.

முடிவுரை

தாலுக்கா அலுவலக எழுத்தரைத் துணைவேந்தர் நாற்காலி வரை கொண்டுபோன வழி இது. பண்டிதர் தேர்வை மதுரையும் பட்டத் தேர்வை லண்டனும் நடத்த, விபுலாநந்தர் இரண்டிலும் வென்றார். எந்த எல்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள் என்றால், இடைக்காலத்தில் சிலர் அதை விற்றதுதான் காரணம்.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. தமிழ் இளநிலை, முதுநிலைப் படிப்புகளை இணையவழியில் அனுமதி பெற்று நடத்துமாறு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சங்கங்கள் சேர்ந்து கேட்கலாம். சங்க நூலகத்தில் பாடநூல்களை வாங்கி வைக்கலாம். மாதம் ஒரு ஞாயிறு, படிப்பவர்கள் கூடிப் பேச இடம் தரலாம். பழைய கான்டாக்ட் கிளாஸின் பயன் பாதி அந்தக் கூடலில்தான் இருந்தது. இவ்வளவு செய்தால், அன்றாடம் ஒன்றேகால் மணியை மிச்சம்பிடித்துப் படிக்க நினைக்கும் ஒருவருக்காவது வழி திறக்கும். ஏற்கெனவே அப்படிப் படித்துப் பட்டம் வாங்கிய நம் வீட்டுப் பெரியவர்களோ, இனி அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியதில்லை.